இருபதுக்கு இருபது

"குடை, சீப்பு. அவ்வளவுதான் கண்ணு, என்ற வரிசை முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு வெங்கடாசலம் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டார்.

ஹரிணி பேனாவை மூடாமல் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னும் பதினெட்டு வார்த்தை இருக்குதுங்க மாமா."

"அதெல்லாம் மத்தவங்ககிட்ட இருக்குது. அடுத்த ரெண்டு மாதேஷு. அதுக்கடுத்த நாலு பாவாயி. வரச் சொல்லட்டுமா?"

"ஒவ்வொருத்தரும் இருபதும் சொல்லோணுங்க மாமா!"

வெங்கடாசலத்துக்கு அது அநியாயமாகப் பட்டது. ஒன்பது பேர் இருக்கும்போது மொத்தப் பாரத்தையும் ஒருத்தர் எதற்குச் சுமக்க வேண்டும்? மஞ்சக்குட்டைப் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் அவர் இருபத்தெட்டு வருஷமாகப் பறிப்பு மேஸ்திரி. அங்கே தன் வரிசையை முடித்தவர், பின்தங்கியவரின் வரிசைக்குள் எதிர்ப்பக்கமாகப் புகுந்து பழம் பறித்துக் கொடுப்பார். கடைசி வரிசை முடிகிற வரை ஒருத்தரும் கூடையை இறக்குவதில்லை. அந்த முறைப்படிதான் வார்த்தைகளையும் பங்கு போட்டிருந்தார். ஆளுக்கு இரண்டு, பாவாயிக்கு மட்டும் நாலு. அவளுக்கு நாக்கு நீளம், தாங்கும் என்று நினைத்தார்.

ஹரிணி, எஸ்டேட்டில் பேர்க் கணக்கு எழுதும் ரைட்டர் அன்பழகனின் ஒரே மகள். சேலத்தில் ஒரு கல்லூரியில் உளவியல் படிக்கிறாள். ஓர் இடத்தில் படித்ததை அதே இடத்தில் உட்கார்ந்து சொன்னால் நன்றாக நினைவு வருமா, வேறு இடத்துக்குப் போய்ச் சொன்னால் எவ்வளவு மறக்கும் என்று சோதித்து எழுதிக் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள். பறிப்பு ஆட்கள் மேஸ்திரியோடு சேர்த்துப் பத்தொன்பது பேர். "ஆள் ஒண்ணு கொறையுதுங்கப்பா, நீங்களும் உக்காருங்க" என்று அப்பாவையும் சேர்த்து இருபதாக்கிவிட்டாள். எல்லாரையும் பழத்தோல் உரிக்கும் பழைய பல்ப்பர் கொட்டகையில் உட்கார வைத்து, இருபது வார்த்தைகளை மூன்று தடவை வாசித்தாள். இரண்டு நாள் கழித்துப் பாதிப்பேர் அதே கொட்டகையில் சொல்ல வேண்டும். மீதிப்பேர் ரோட்டோரம் புதிதாகக் கட்டிய ஆபீஸில் சொல்ல வேண்டும். வெங்கடாசலம் ஆபீஸ் கோஷ்டி. ரைட்டரும் அதே கோஷ்டிதான்.

"மறந்தாலும் பரவாயில்லைங்க. தோணுறதைச் சொன்னாப் போதும்" என்று ஹரிணி முதல் நாளே சொல்லியிருந்தாள்.

அதை ஒருத்தரும் நம்பவில்லை. பரீட்சை வைத்துவிட்டுத் தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை என்று எந்த ஊரில் எந்த வாத்தியார் சொல்லியிருக்கிறார்? பிள்ளை மரியாதைக்குச் சொல்கிறது, நாம் மறந்தால் மார்க் குறையப்போவது அதற்குத்தான் என்று வெங்கடாசலம் முடிவு கட்டிவிட்டார். ரைட்டர் குடும்பத்துக்கு அவர் பட்டிருந்த நன்றிக்கடன் அப்படி. வெங்கடாசலத்தின் மகளுக்குப் பிரசவ வலி கண்ட அன்று பஸ் இல்லை. முதலாளியைக் கேட்காமலே எஸ்டேட் ஜீப்பை எடுத்து, மழையில் இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கிச் சேலம் ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் அன்பழகன். அப்பேர்ப்பட்ட ரைட்டரின் மகள் பரீட்சையில் தோற்றால், அன்று பிறந்த பேரக்குழந்தையின் முகத்தில் எப்படி விழிப்பது?

"பங்கு போட்டது தெரிஞ்சதுக்கப்புறம் இந்தப் பட்டியல் செல்லாதுங்க மாமா" என்றாள் ஹரிணி. "வேற இருபது போடறேன். வியாழக்கிழமை திரும்பச் சொல்லுங்க. தனித்தனியா."

வெளியே சவுக்கு மரத்தடியில் பாவாயி காத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஏனுங்கண்ணா, என்ற நாலையும் ஒரு தடவைகூடச் சொல்ல உடலையே!"

"இருபதையும் சொல்லோணுமாம், பாவாயி."

"இருபதையும் நானே சொல்லிப்போட்டா மத்த எட்டுப் பேரு எதுக்கு?"

வெங்கடாசலத்துக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் மேஸ்திரியாக இருந்துகொண்டு சந்தேகத்தை வெளியே காட்ட முடியாது. படிப்பு என்றால் அப்படித்தான் என்று சொல்லி வைத்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் புது ஆபீஸ் வாசலில் பேர் கூப்பிட்டார்கள். ரைட்டர் அன்பழகன் முப்பது வருஷமாக இருபது பேரையும் நோட்டைத் திறக்காமலே கூப்பிடுகிறவர். முன்பெல்லாம் கொட்டகைப் படியில் நின்று ஒரே மூச்சில், ஒரே ராகத்தில், வெங்கடாசலத்தில் தொடங்கி வீராயியில் முடிப்பார். ஆபீஸ் இங்கே மாறி மூன்று மாதம் ஆகிறது. அதிலிருந்து அந்த ராகம் சரியாக வருவதில்லை.

"வெங்கடாசலம்."

"இருக்கேனுங்க."

"பாவாயி."

"வந்துட்டனுங்க."

"பாவாயி..."

"இன்னும் இங்கதானுங்க நிக்கறேன்" என்றாள் பாவாயி. யாரும் சிரிக்கவில்லை.

மாதேஷ் பெயர் விட்டுப்போயிற்று. கூப்பிடாமலே மாதேஷ் "இருக்கேனுங்க" என்றான். ரைட்டர் தலையசைத்துக்கொண்டார். கடைசியில், "வீராயி!"

வீராயி திருப்பூரில் மகன் வீட்டுக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது.

"மவன் ஊட்டுக்குப் போயிட்டாளுங்க ரைட்டரய்யா" என்றார் வெங்கடாசலம், அன்றைக்குத்தான் முதல்முறை சொல்வது போல.

"ஆமாமா" என்றார் ரைட்டர், அன்றைக்குத்தான் முதல்முறை கேட்பது போல.

தினமும் இப்படித்தான் நடக்கிறது. இதைப் பற்றி ஆட்கள் தங்களுக்குள்கூடப் பேசிக்கொண்டதில்லை. ரைட்டரின் வரிசை கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது, எதிர்ப்பக்கமாகப் போய்ப் பறித்துக் கொடுக்கிறோம், இதில் பேச என்ன இருக்கிறது?

அன்று சாயந்திரம் கொட்டகையில் ஹரிணி புதுப் பட்டியலை வாசித்தாள். வாசித்து முடித்ததும், மேஸ்திரி இனியும் குழப்பக் கூடாது என்று கொஞ்சம் விளக்கமும் சொன்னாள். அதுதான் அவள் செய்த தப்பு.

"இப்ப நீங்க வார்த்தையை மட்டும் கேக்கலைங்க மாமா. இந்தக் கொட்டகை வாசம், மிஷின் சத்தம், இந்த இருட்டு எல்லாமே வார்த்தையோட சேந்து மண்டையில ஒட்டிக்குது. வேற எடத்துக்குப் போனா அந்த வாசம் இருக்காது. அதனால வார்த்தையும் வராது."

பாவாயி வெங்கடாசலத்தின் காதருகே குனிந்தாள். "வாசம் இருந்தா வந்துருமாங்கண்ணா?"

வெங்கடாசலத்தின் பார்வை மூலையில் குவிந்து கிடந்த பழத்தோலுக்குப் போயிற்று.

வியாழக்கிழமை ஆபீஸ் கோஷ்டி ஒன்பது பேரும் ஆளுக்கொரு தூக்குப்போசியோடு வந்து வராந்தாவில் உட்கார்ந்தார்கள். மூடிய தூக்குப்போசிக்குள் இரண்டு நாள் புளித்த காப்பிப் பழத்தோல். உள்ளே போகிறவர் மூடியை ஒரு விரல் அளவு திறந்து மூக்கில் காட்டிக்கொள்வது என்று ஏற்பாடு. மாதேஷ் தன் பங்குக்குப் பல்ப்பர் மிஷின் சத்தத்தைப் போனில் பதிவு பண்ணி வைத்திருந்தான்.

முதலில் போனவர் வெங்கடாசலம். மூன்று வார்த்தை சொன்னார், நின்றார், மூடியைத் திறந்தார். நாலாவது வார்த்தை வருவதற்குள் ஈ வந்தது. வெளியே எட்டுப் பேரும் மேஸ்திரி திறந்துவிட்டார் என்று தாங்களும் திறந்தார்கள். புளித்த நெடி புதுப் பெயின்ட் வாசத்தை மிதித்துக்கொண்டு ஆபீஸ் முழுக்க நிறைந்தது. எங்கிருந்தோ ஒரு கூட்டம் தேனீயும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மாதேஷின் சட்டைப்பைக்குள் பல்ப்பர் ஓட ஆரம்பித்தது.

தன் முறைக்காகக் கண்ணை மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்த ரைட்டர் எழுந்து ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டார். ஹரிணி துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெங்கடாசலத்தின் மடியைக் காட்டினாள்.

"இது என்னங்க மாமா?"

"எடமுங்க கண்ணு" என்றார் வெங்கடாசலம். "கொஞ்சமாத்தான் கொண்டாந்தோம்."

"எடத்தையே தூக்கிட்டு வந்துட்டா அப்புறம் எடம் எப்பிடிங்க மாறும்?"

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது. வெங்கடாசலம் தூக்குப்போசியை மூடி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"இது எனக்கு நொம்ப முக்கியமுங்க மாமா" என்றாள் ஹரிணி, அப்பா ஜன்னல் பக்கம் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு, மெதுவாக. "மார்க்குக்கு மட்டுமில்லைங்க. தயவு பண்ணி சாதாரணமா இருங்க. மறந்தா மறந்துட்டுப் போகட்டும்."

மார்க் என்ற சொல்லுக்குப் பிறகு சொன்னது எதுவும் வெங்கடாசலத்தின் காதில் ஏறவில்லை. பிள்ளை தோற்றுக்கொண்டிருக்கிறது. தோற்கடிப்பது நாம். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மூன்றாவது பட்டியல். இதுதான் கடைசி, ஞாயிற்றுக்கிழமை சொல்ல வேண்டும், அதையும் கெடுத்தால் திங்கட்கிழமைக்கு ஒன்றும் இருக்காது. கொட்டகையில் அன்று எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்தார்கள். ஹரிணி உட்கார்ந்து வாசித்தால் பின்னால் கேட்கவில்லை என்றார்கள். அவள் எழுந்து படியில் போய் நின்றாள். அவள் அப்பா முப்பது வருஷம் நின்ற படி. காகிதத்தைப் பார்த்து, நிறுத்தி, நிதானமாகக் கூப்பிட்டாள். அப்பாவின் ராகம் அப்படியே அவள் தொண்டையில் இருந்தது.

"பல்லக்கு."

"இருக்கேனுங்க" என்றார் வெங்கடாசலம்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. கொட்டகையே கொல்லென்று சிரித்தது. ஹரிணியும் சிரித்துவிட்டு அடுத்ததை வாசித்தாள்.

"தேள்."

"வந்துட்டனுங்க" என்றாள் பாவாயி. பொருத்தம்தான் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

"மூக்குத்தி."

"இருக்கேனுங்க" என்றான் மாதேஷ். அவனுக்கு மூக்குத்தி கிடைத்ததில் பாவாயிக்குப் பரம சந்தோஷம்.

வாரம் முழுக்கத் திட்டு வாங்கிய ஜனங்களுக்கு அன்று விளையாட்டுப் பிடித்துக்கொண்டது. வார்த்தைக்கு ஒருவராக, காலையில் பேர் கூப்பிடும் வரிசைப்படியே குரல் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். பத்தொன்பது பேரும் முடிந்து ஹரிணி கடைசி வார்த்தைக்கு வந்தாள்.

"ரயில்."

பதில் இல்லை. இருபதாவது ஆள் வீராயி. வெங்கடாசலம் வழக்கம்போல எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தார். அதற்குள் மூலையிலிருந்து ரைட்டரின் குரல் வந்தது.

"வீராயி மவன் ஊட்டுக்குப் போயிட்டா. திருப்பூரு. ஆவணி மாசம் ரயிலேத்தி உட்டமே."

தடுமாற்றமே இல்லாமல் சொன்னார். ஹரிணி காகிதத்தைத் தாழ்த்திக்கொண்டு அப்பாவையே பார்த்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து வெங்கடாசலம் பார்த்ததில்லை. இந்தத் தடவை நாம் ஒழுங்காக நடந்துகொள்கிறோம் என்று பிள்ளைக்குச் சந்தோஷம் போலிருக்கிறது என்று அவரும் மகிழ்ந்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பாவாயி திடீரென்று நின்றாள்.

"அண்ணா, இருபதும் எனக்கு வருதுங்கண்ணா."

"என்ன வருது?"

"மண்டைக்குள்ள ரைட்டர் நின்னு பேரு கூப்பிடறாருங்க. வெங்கடாசலம்னா பல்லக்கு. பாவாயின்னா தேளு. மாதேஷுன்னா மூக்குத்தி. நீங்களும் கூப்பிட்டுப் பாருங்க!"

வெங்கடாசலம் மிளகுக் கொடி ஏறிய மரத்தில் கையை ஊன்றிக்கொண்டு கண்ணை மூடினார். உள்ளே அன்பழகன் படியேறி நின்றார். கக்கத்தில் திறக்காத நோட்டு, பொத்தான் போட்ட ஸ்வெட்டர். பெயர் பெயராக அழைத்தார். அழைத்த ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு வார்த்தை எழுந்து நின்றது. வீராயி ரயிலில் போனாள். முடிந்தது.

"சேர்வராயா!" என்றார் வெங்கடாசலம்.

அன்று இருட்டுவதற்குள் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் பத்தொன்பது பேருக்கும் விஷயம் போய்விட்டது. புதிதாக ஒன்றும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. எல்லாருக்கும் அந்த வரிசை ரத்தத்தில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொட்டகைக் கோஷ்டி முதலில் சொன்னது. பத்துப் பேரும் இருபதுக்கு இருபது. அடுத்து ஆபீஸ் கோஷ்டி. வெங்கடாசலம் போய் உட்கார்ந்து, கண்ணை மூடி, பல்லக்கில் ஏறி ரயிலில் இறங்கினார். கண்ணைத் திறந்தால் ஹரிணியின் பேனா நின்றிருந்தது.

"இருபதும் சரிங்க மாமா" என்றாள். காகிதத்தை விட்டு நிமிரவில்லை.

பிள்ளை மார்க்கைக் கூட்டிப் பார்க்கிறது என்று அவர் நினைத்தார். பாவாயி இருபது. மாதேஷ் இருபது. ஒவ்வொருவரும் வெளியே வந்து விரலைக் காட்டக் காட்ட, மரத்தடியில் ஆரவாரம் கூடிக்கொண்டே போயிற்று. உள்ளே ஹரிணியின் தலை மேலும் மேலும் குனிந்துகொண்டே போயிற்று.

கடைசியாக ரைட்டர் உட்கார்ந்தார். வெங்கடாசலம் கதவருகே நின்று பார்த்தார். ரைட்டருக்கு உதவி தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. நோட்டும் பேனாவும் அவர் தொழில். அவருக்குப் போய் யார் சொல்லிக் கொடுப்பது?

"பல்லக்கு" என்றார் அன்பழகன். "தேள். ரயில்." ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தார். ஒரு பஸ் போயிற்று. "விளக்கு. சீப்பு."

சீப்பு முதல் பட்டியலில் இருந்தது. ஹரிணி அதைத் திருத்தவில்லை.

இன்னும் மூன்று சொன்னார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துத் திறந்தார். "அவ்வளவுதாம்மா."

"ஏழு சரிங்கப்பா. ஏழு நல்ல மார்க்குங்கப்பா! எடம் மாறி வந்து ஏழு சொல்றது சாதாரணமில்லை."

"மத்தவங்கல்லாம் எவ்வளவு?"

ஹரிணி மற்றவர்களின் காகிதங்களை நோட்டுக்கு அடியில் தள்ளினாள். கதவருகே வெங்கடாசலத்துக்குப் பொறுக்கவில்லை. ஒரு வாரமாகச் சேர்த்து வைத்த பெருமை அத்தனையும் உடைத்துக்கொண்டு வந்தது.

"எல்லாருமே இருபதுங்க ரைட்டரய்யா! ஒண்ணு கொறையலீங்க!"

"எல்லாருமா?"

"பத்தொம்பது பேருமுங்க."

"எடம் மாறினவங்களும்?"

"எடம் மாறினவங்களுமுங்க. என்ன எடம், என்ன மாத்தம்? மண்டை சரியா இருந்தா எங்க உக்காந்தா என்னங்க?"

ஹரிணி சட்டென்று எழுந்தாள். "மாமா, உண்மையைச் சொல்லுங்க. ஏதோ பண்ணியிருக்கீங்க. எதையாச்சும் பாத்துச் சொன்னீங்களா? எழுதி வெச்சுக்கிட்டீங்களா? நான் கோவிச்சுக்க மாட்டேன். சொல்லுங்க மாமா, இப்பவே, அப்பா முன்னாடியே சொல்லுங்க."

அவள் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. வெங்கடாசலம் உஷாரானார். ஆம் என்று தலையாட்டினால் மூன்றாவது பட்டியலும் செல்லாது. நாளைக்குத் திங்கட்கிழமை. அதுவுமில்லாமல், எதையும் பார்த்துச் சொல்லவில்லை என்பது சத்தியமான உண்மை.

மலை உச்சியில் கோயில் இருக்கும் திக்கைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"சேர்வராயன் சாமி மேல சத்தியமுங்க கண்ணு. ஒரு துண்டுச் சீட்டு இல்லீங்க. எல்லாம் அவங்கவங்க சொந்த ஞாபகம்."

ஹரிணி உட்கார்ந்துவிட்டாள். ரைட்டர் தன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார்.

"நல்லதுங்க மேஸ்திரி" என்று சொல்லிவிட்டு, ஆபீஸ் படியிறங்கி வீட்டுக்கு நடந்தார்.

வெயில் இறங்குகிற நேரத்தில் வெங்கடாசலம் ஒரு பை கொய்யாப்பழத்தோடு ரைட்டர் வீட்டுக்குப் போனார். ஜெயித்த வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது. ரைட்டரின் மனைவி சுதாராணி கதவைத் திறந்தாள். பையை வாங்கிக் கீழே வைத்தாள். வாங்க என்றாள், உட்காரச் சொல்லவில்லை.

"புள்ளை எங்கீங்க? பாராட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

"உள்ள படுத்திருக்குதுங்கண்ணா."

"அலைச்சல். பாவம்." திறந்த கதவு வழியாக மேசை தெரிந்தது. ரைட்டர் குனிந்து முத்து முத்தான எழுத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். "அப்பாவும் மவளுக்கு எழுதிக் கொடுக்கறாரு போலிருக்குது. நாளைக்குக் குடுக்கோணுமில்ல?"

"அது மேனேஜருக்குங்கண்ணா. நாளையிலிருந்து வேலைக்கு வரலைன்னு எழுதறாரு."

"ஏனுங்க! என்னாச்சு?"

சுதாராணி உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "புது ஆபீஸுக்குப் போனதிலிருந்து பேரெல்லாம் மறக்குதுன்னு, மண்டையே போச்சுன்னு மூணு மாசமா ராத்திரி தூங்கறதில்லைங்க."

வெங்கடாசலம் கையிலிருந்த துண்டைத் தோளில் போட்டார், மறுபடி எடுத்தார். "அதுக்கும் நம்ம புள்ளையோட பரீட்சைக்கும் என்னங்க? பாருங்க, எங்காளுங்க ஒருத்தர்கூட ஒரு வார்த்தை மறக்கலீங்க."

"எடம் மாறுனா எல்லாத்துக்குந்தான் மறக்கும், உங்களுக்கு மட்டுமில்லைன்னு அவங்கப்பாவுக்குக் காட்டத்தானுங்கண்ணா அந்தப் புள்ள இந்தச் சோதனையே வெச்சுது."